முட்டை, வைப்பர், 92.5 சதவீதம்: சேதுச் சாலையில் சுற்றும் வழிப்பறி எச்சரிக்கைகள்

என் அக்கா வீட்டுக்காரர் பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் வண்டி ஓட்டுகிறார். இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஐஸ் போட்டுப் பெட்டி ஏற்றினால் விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள், பாலம் ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, உங்க அக்கா ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கா. கண்ணாடியில முட்டை அடிப்பாங்களாம். வைப்பர் போட்டா கண்ணு தெரியாதாம், நிறுத்துனா கத்தியக் காட்டுவாங்களாம். நேத்து உச்சிப்புளிக்கிட்ட நடந்துச்சுங்கிறா. நெசமா?"

"பொய்யாத்தான் இருக்கும் மச்சான், பார்த்துப் போங்க" என்றேன். நள்ளிரவில் தனியாகப் பாலத்தைத் தாண்டப் போகிற ஒரு மனிதருக்கு அது போதாத பதில். எது பொய், எதில் உண்மை கலந்திருக்கிறது, அதை நம்பினால் யாருக்கு என்ன நடக்கும் என்று அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். ஓடும் வண்டியின் முன் கண்ணாடியில் கொள்ளையர்கள் முட்டை வீசுவார்கள். தண்ணீர் அடித்து வைப்பர் போட்டால் முட்டை பால்போல் மாறி 92.5 சதவீதப் பார்வையை மறைத்துவிடும். ஆகவே வைப்பரும் போடாதே, வண்டியையும் நிறுத்தாதே. இது 2009-ஐ ஒட்டி ஆங்கில மின்னஞ்சலாகச் சுற்றத் தொடங்கிய செய்தி. பிறகு நாடு நாடாக, மொழி மொழியாகப் போயிற்று. போன இடத்திலெல்லாம் ஊர்ப் பெயர் மாறியது, அந்த 92.5 மட்டும் மாறவில்லை. கண்ணாடி எவ்வளவு பெரியது, எத்தனை முட்டை, எவ்வளவு தண்ணீர் என்று எதுவும் இல்லாமல் பார்வை மறைவதை அரை சதவீதத் துல்லியத்தில் யாரும் அளக்க முடியாது. நம்ப வைப்பதற்காகப் போட்ட எண் அது.

ராமநாதபுரத்தில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் நின்ற பழைய வேனில் இதைச் செய்து பார்த்தோம். மச்சானும் கூட இருந்தார். இரண்டு முட்டையைக் கண்ணாடியில் அடித்துவிட்டு முதலில் தண்ணீரில்லாமல் வைப்பரை ஓட்டினோம். மஞ்சளும் வெள்ளையும் கண்ணாடி முழுக்க இழுபட்டன. இருந்ததிலேயே மோசமான நிலை அதுதான். தண்ணீர் அடித்ததும் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கியது, கொஞ்சம் நுரைத்தது. விடாமல் தண்ணீர் அடித்து வைப்பரை ஓடவிட்டதில் ஓட்டுநர் பக்கம் சீக்கிரமே தெளிந்தது, ஓரங்களில் மட்டும் கோடு கோடாக நின்றது. வெயிலில் காயவிட்ட இன்னொரு முட்டைதான் பாடாய்ப் படுத்தியது. அதைத் துணி போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

"பால்போல் மாறும்" என்ற வரியில் துளி உண்மை உண்டு. முட்டை வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். அந்தப் புரதங்களில் குளோபுலின் என்ற வகை, கொஞ்சம் உப்பு இருந்தால்தான் கரைந்து நிற்கும். தண்ணீர் சேர்ந்து உப்பு நீர்த்துப் போனதும் திரிந்து வெள்ளையாகத் தெரியும். பட்டறையில் நாங்கள் பார்த்த கலங்கல் அதுதான். மேலும் தண்ணீர் விட்டால் அதுவும் வழிந்துவிடும். கண்ணாடியில் இறுகி ஒட்ட வேண்டுமானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அல்லது காய்வதற்கு நேரம் வேண்டும். இரவில் காற்றடிக்க ஓடுகிற வண்டியில் இரண்டும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது அந்தச் செய்தி சொல்லும் யோசனையைப் பார்த்துத்தான். கண்ணாடி மறைந்த பிறகும் துடைக்காமல் ஓட்டிக்கொண்டே போ என்கிறது. பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். அங்கே ஒருவர் இந்த யோசனையை அப்படியே கடைப்பிடித்தால் முட்டை வீசியவனைவிட யோசனை சொன்னவர் அதிகக் கேடு செய்தவர் ஆகிவிடுவார். அப்புறம், இந்தக் கரையில் வண்டியை நிறுத்த நினைக்கிறவனுக்கு முட்டை எதற்கு? சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேல முள் கிடக்கிறது. ஒரு கட்டை, நாலு கல் போதும். செலவு செய்து, ஓடும் வண்டியைக் குறிபார்த்து எறிந்து, அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் பின்னாலேயே ஓடுகிற திருடன் கதைக்குள் மட்டும்தான் இருக்கிறான்.

இந்தக் கதைகளின் பரம்பரை

முட்டைக் கதைக்குப் பெரிய குடும்பமே இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் ஃபேக்ஸ் வழியாக ஒரு செய்தி பரவியது. இரவில் முகப்பு விளக்கைப் போடாமல் ஒரு கார் வரும், நீங்கள் விளக்கடித்து எச்சரித்தால் அந்தக் கும்பல் திரும்பி வந்து உங்களைக் கொல்லும், கும்பலில் சேருவதற்கு அதுதான் சடங்கு என்றார்கள். அலுவலகம் அலுவலகமாக அந்தத் தாள் ஓடியது. அதில் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. 1999-இல் வாகன நிறுத்துமிடத்தில் வாசனைத் திரவியத்தை முகரக் கொடுத்து மயக்கிக் கொள்ளையடிப்பதாக ஒரு கதை கிளம்பியது. 2004-இல் காரின் பின் கண்ணாடியில் காகிதம் ஒட்டி வைப்பார்கள், எடுக்க இறங்கினால் காரோடு போய்விடுவார்கள் என்றது இன்னொன்று. 2008-இல் விசிட்டிங் கார்டில் மருந்து தடவித் தருவார்கள், தொட்டாலே மயங்குவீர்கள் என்று வந்தது.

நம் ஊருக்கு வரும்போது இவை வேஷம் மாறுகின்றன. காகிதம் ஐநூறு ரூபாய் நோட்டாகிறது. சாலையோரத்தில் குழந்தை இருக்கை கிடக்கும் என்ற அமெரிக்கக் கதை இங்கே எடுபடவில்லை, காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை வைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. அதனால் அது துணியில் சுற்றிய குழந்தையாகவும், கருவேலங்காட்டுக்குள் கேட்கிற குழந்தை அழுகையாகவும் மாறியது. விளக்குக் கதை இங்கே வேர் பிடிக்கவே இல்லை. எதிர் வண்டிக்காரர் விளக்கடித்தால் "முன்னால செக்கிங் நிக்குது" என்றோ "நான் வர்றேன், ஒதுங்கு" என்றோதான் நம் ஓட்டுநர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சைகைக்கு ஏற்கெனவே அர்த்தம் இருக்கும் ஊரில் புது அர்த்தத்தை ஏற்ற முடியவில்லை.

வாசனைத் திரவியக் கதையை மட்டும் நான் லேசாக விடமாட்டேன். ஏர்வாடி தர்கா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிறு பெட்டியோடு அத்தர் விற்பவர்கள் வருவார்கள். ஒரு சொட்டு நம் மணிக்கட்டில் தடவிக் காட்டுவதுதான் அந்த வியாபாரத்தின் முறையே. ஒரு முகர்வில் ஆளை வீழ்த்தும் மருந்து எதுவும் அப்படிக் குப்பியில் கிடைப்பதில்லை. கதைகளில் அடிக்கடி வரும் குளோரோஃபார்ம்கூட, விடாமல் பல நிமிடம் சுவாசித்தால்தான் நினைவிழக்க வைக்கும். இது தெரியாமல் ஒரு வாய்ஸ் நோட்டைப் பரப்பிவிட்டால், சந்தனக்கூடு சமயத்தில் நாலு காசு பார்க்க வந்த கிழவரின் கையை யாராவது தட்டிவிடுவார்கள், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது செய்வார்கள்.

மயக்க மருந்துத் திருட்டே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ரயிலில் பழகிப் பேசி, பிஸ்கட்டிலோ டீயிலோ தூக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுவது உண்மையாகவே நடக்கிற குற்றம், ரயில்வே பல காலமாக எச்சரித்து வருகிறது. ஊமத்தையின் நஞ்சும் வயிற்றுக்குள் போனால் ஆபத்துதான். ஆனால் தின்னக் கொடுத்து மயக்குவது வேறு, தொட்டதும் மயக்குவது வேறு. உண்மையான ஒன்றின் நிழலில்தான் பொய் நிற்கிறது, அதனால்தான் நிற்க முடிகிறது.

வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் இதெல்லாம் இருந்தது. சாமி பெயரைப் போட்டு, இதைப் பிரதி எடுத்து இத்தனை பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் வீட்டில் துக்கம் நடக்கும் என்று தபால் அட்டை வரும். பெரிய பாலம் கட்டுகிற ஊரிலெல்லாம் தூணுக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பும். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது, பல வருடம் நடந்த வேலை. அந்த நாட்களில் அந்தி சாய்ந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப் போட்டதாக என் அப்பத்தா சொல்வார். ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் அப்பத்தா கடைசிவரை அதை நம்பினார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்திரியெல்லாம் புருஷன் தனியாகச் சாலையில் இருக்கிறான். அவளால் செய்ய முடிந்தது எச்சரிக்கை அனுப்புவது ஒன்றுதான். அந்தச் சாலையும் பயப்பட வைக்கிற சாலைதான். மண்டபம் தாண்டி உச்சிப்புளி வரும்வரையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்துக்கு வடக்கே உப்பூர், தொண்டிப் பக்கமும், தெற்கே ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகும் வழியிலும், ஊர் விட்டால் இருட்டு. இரண்டு பக்கமும் கருவேலம் சுவர் மாதிரி நிற்கும். கரிமூட்டம் போட்டிருந்தால் புகை சாலையில் படுத்திருக்கும். திடீரென்று ஒருவர் டார்ச் அடித்துக் கை காட்டுவார். இலங்கைக்குப் போகும் கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், அங்கிருந்து வரும் தங்கம் என்று கடத்தல் நடக்கும் கரை இது. பெரும்பாலும் அது உண்மையான சோதனையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முதல் அரை நிமிடத்தில் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்தப் பயத்துக்கு வயதும் அதிகம். வழியில் மறித்துப் பறிப்பவர்களுக்கு ஆறலைக் கள்வர் என்று பழந்தமிழில் பெயரே இருக்கிறது. ராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரீகர்கள் வழியில் கொள்ளைக்கு ஆளானதால்தான், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக்கி வழிக்காவல் பொறுப்பைக் கொடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. ராமநாதபுரம் சீமையின் அரச மரபே சாலைப் பாதுகாப்புக்காக வந்தது என்றும் சொல்லலாம். சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். யாத்திரீகர்கள் இருட்டில் நடக்காமல் இரவு தங்கிப் போவதற்கு அவை உதவின. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் சத்திரக்குடி என்று ஒரு ஊர் இன்றைக்கும் இருக்கிறது.

நம் காலத்திலும் உண்மையான பயங்கரம் நடந்தது. 1995 முதல் பத்தாண்டுகள், வடமாநிலத்திலிருந்து லாரிகளில் வந்த ஒரு கும்பல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஓர வீடுகளில் புகுந்து கொலைகளும் கொள்ளையும் செய்தது. 2005 ஜனவரி 9-ஆம் தேதி கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அதன் பிறகு தனிப்படை வடக்கே போய் அந்தக் கும்பலைப் பிடித்தது. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் "வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கு" என்ற ஒரு வரி போதும், மீதியை மனசே எழுதிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கும்பலின் வழி என்ன என்று பாருங்கள். தனித்திருக்கும் வீட்டை நோட்டமிட்டு இரவில் கதவை உடைப்பார்கள். முட்டை, நோட்டு, குழந்தை அழுகை எதுவும் அதில் இல்லை.

ஒரு கூட்டத்தாரை மொத்தமாகத் திருடர்கள் என்று எழுதிவைப்பது என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறந்த சாதிக்காகவே கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே 1947 வரை இருந்தது. அதை எதிர்த்துப் போராடிய மண் இது. அதே மண்ணிலிருந்து "இந்த ஊர்க்காரன் வந்தா விடாதே" என்று ஒரு வாய்ஸ் நோட் கிளம்புவதைக் கேட்க எனக்கு வலிக்கிறது.

நிஜத் திருடர்கள் செய்வது பெரும்பாலும் பகலில், ஊருக்குள், சாதாரணமாக நடக்கிறது. வங்கியில் பணம் எடுத்து வருபவரின் வண்டிக்குப் பக்கத்தில் பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டுவிட்டு "உங்க பணமா பாருங்க" என்பார்கள். டயரில் காற்றைப் பிடுங்குவார்கள், ஆயில் ஒழுகுது என்பார்கள். இறங்கிப் பார்ப்பதற்குள் பை போய்விடும். வயதான பெண்களிடம் போலீஸ் என்று சொல்லி, நகையைக் கழற்றிப் பொட்டலம் கட்டச் சொல்லிக் கல்லை மடித்துக் கொடுப்பார்கள். இருசக்கர வண்டியில் வந்து செயினை அறுப்பார்கள். ஓரம் போட்டுத் தூங்குகிற லாரியில் டீசலை உறிஞ்சுவார்கள். இவற்றுக்கு எச்சரிக்கை அவசியம்.

சாலையில் கிடப்பவர்

இந்தச் செய்திகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடக் கேடானது. "விபத்தில் அடிபட்டவர் போல் சாலையில் ஒருவர் கிடப்பார். பக்கத்தில் ஒரு பெண் கை காட்டி அழுவாள். நிறுத்தாதீர்கள், அது பொறி." தமிழில் இதை எத்தனை வடிவத்தில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

2022-இல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49 பேர். இருட்டில் சாலையில் ஒருவர் கிடக்கிறார் என்றால், அவர் உண்மையிலேயே அடிபட்டவராக இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக மிக அதிகம். நகரத்தில் ஒரு வண்டி போனால் அடுத்தது பின்னாலேயே வரும். இங்கே அப்படி இல்லை. சாயல்குடிச் சாலையில் நள்ளிரவு ஒரு மணிக்கு நீங்கள் தாண்டிப் போனால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே 55 கிலோமீட்டர் இருக்கிறது.

பட்டறையில் முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மச்சான் ஒன்று சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, ஓரத்தில் பைக் விழுந்து கிடந்ததாம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கையை ஆட்டினாராம். "லைட்ட போட்டுப் பாத்தேன் மாப்ளே. அந்த வாட்ஸ்அப்புதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. மிதிச்சுட்டேன்." அந்த மனிதர் என்ன ஆனார் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் திரும்பும்போது பைக் அங்கே இல்லை, அவ்வளவுதான் தெரியும். இதை அக்காவிடம்கூட அவர் சொன்னதில்லை. போலிச் செய்தியால் என்ன நஷ்டம், எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நிறுத்தத் தயங்குவதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு: போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும் என்பது. அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது வந்துவிட்டது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம் பணம் கட்டச் சொல்லக் கூடாது. சேர்த்துவிட்டு அவர் போய்க்கொண்டே இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. ராமேசுவரத்துக்கு வருகிற வடநாட்டு யாத்திரீகருக்கும் சேர்த்துத்தான். முட்டைச் செய்தி எங்கள் குரூப்பில் எத்தனையோ முறை வந்திருக்கிறது, இந்தச் செய்தி ஒருமுறைகூட வரவில்லை.

அந்நியர்மேல் வருகிற சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு ஒரு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவியிருந்த வதந்தி போதுமாக இருந்தது, அந்த அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றுவிட்டது. அங்கே பொறியில் சிக்கியது காரில் வந்தவர்கள்தான். அதே ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2011 ஆகஸ்டில், உடம்பில் கிரீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பீதி பரவி, புத்தளத்தில் ஒரு காவலர் கும்பலால் கொல்லப்பட்டார். அப்போது அங்கே வாட்ஸ்அப் இந்த அளவுக்குக் கிடையாது. வாய்ப்பேச்சும் போனும் அதே வேலையைச் செய்தன.

ஏர்வாடியை நினைத்தால் எனக்குத் தனியாகப் பயம் வருகிறது. மனநலம் குன்றியவர்களைக் குணமாகும் என்ற நம்பிக்கையில் எங்கெங்கிருந்தோ அங்கே அழைத்து வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த ஊர் அது. அப்படி வந்தவர்களில் யாராவது இரவில் சாலையில் நின்று வண்டிக்குக் கை நீட்டலாம், கண்ணாடியைத் தட்டலாம், சொல்லத் தெரியாமல் சிரிக்கலாம். ஒரு வாய்ஸ் நோட்டை நம்பியவரின் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிவார்?

சரி, செய்தி வந்தால் எப்படிப் பார்ப்பது? நான் முதலில் தேதியைத் தேடுவேன். "நேற்று" என்பது தேதி ஆகாது. அந்தச் செய்தி ஒரு வருடமாக "நேற்று" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து, எந்தக் காவல் நிலையம், யார் புகார் கொடுத்தது என்று பார்ப்பேன். "போலீஸ் அறிவிப்பு" என்று மொட்டையாக இருந்தால் அதில் போலீசே இல்லை என்று பொருள். நடந்தது யாருக்கு என்று கேட்டால் "என் ஃபிரண்டோட அண்ணனுக்கு" என்பார்கள், அந்த அண்ணனிடம் போனால் அவருடைய ஃபிரண்டுக்கு என்பார். இரட்டை அம்புக்குறி போட்டுப் பலமுறை பகிரப்பட்டது என்று வந்தால், அனுப்பியவருக்கும் அதன் மூலம் தெரியாது. செய்தியில் உள்ள ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் நீக்கித் தேடிப் பார்த்தால், பல நேரம் அதே சம்பவம் வேறு நாலு மாவட்டங்களிலும் "நேற்று" நடந்திருக்கும்.

சாலையில் யாராவது கிடந்தால் என்ன செய்வது என்று மச்சானும் நானும் பேசி ஒரு வழி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே போய் நிறுத்த வேண்டியதில்லை. ஐம்பது, நூறு அடி தாண்டி, நாலு பக்கமும் விளக்கு மின்ன நிறுத்தலாம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளிருந்தபடியே 108-க்கு அடிக்கலாம், இடத்தைக் கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்துச் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 இருக்கிறது, போலீசுக்கு 112. பின்னால் வருகிற வண்டியை விளக்கடித்து நிறுத்தி இரண்டு பேராக இறங்கலாம். அப்போதும் இறங்க மனம் வரவில்லையென்றால், பின்னால் வருகிறவன் அவர்மேல் ஏற்றிவிடாதபடி விளக்கை எரியவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே நிற்கலாம்.

மச்சான் இந்த நம்பர்களைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். கூட ஓட்டுகிற கீழக்கரைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தன் வண்டிக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னாராம். "எங்க லாத்தாவும் டெய்லி அந்த முட்டைய அனுப்புறாங்க. இதையும் அனுப்பச் சொல்லணும் அண்ணே" என்றாராம். அக்காவிடமும் அதைக் காட்டினோம். அவள் அதை போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, மேலே ஒரு வரி எழுதினாள்: "இது எங்க வீட்டுக்காரர் வண்டியில இருக்கு. எடுத்தது நான்."